அட்டையில் கையால் எழுதிய தலைப்பு: பழசு மீதான மோகம் மட்டும்தானா?

ஜூன் 2, காலை (இழையைத் தொடங்கிய கேள்வி)

புத்தகக் கடையில் கவிதைப் பக்கம் போனால் பாதி அட்டைகளில் தலைப்பைக் கையால் கிறுக்கி வைத்திருக்கிறார்கள். இலவசமாகவே இத்தனை தமிழ் எழுத்துருக்கள் கிடைக்கும்போது எதற்கு இந்த வேலை? பழசு மீதான மோகம் என்பதைத் தவிர வேறு காரணம் உண்டா? அட்டை வேலை செய்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஜூன் 2, இரவு

அட்டை வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது, அதனால் சொல்கிறேன். மோகம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நாம் மோகம் கொள்கிற அந்தப் பழசே அழகுக்காகத் தொடங்கியதில்லை. வேறு வழியில்லாமல் தொடங்கியது.

ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த காலத்தை நினைத்துப் பாருங்கள். உள்பக்கத்துக்கு 10, 12 பாயிண்ட் எழுத்து, தலைப்புக்கு 24, 36, கொஞ்சம் வசதியான அச்சகம் என்றால் 48. அதற்கு மேல் போனால் நாடக நோட்டீஸுக்கு வைத்திருக்கும் மர எழுத்துதான். ஆங்கிலம் மாதிரி 26 எழுத்தை வைத்துக்கொண்டு தமிழில் சமாளிக்க முடியாது. கு, கூ, சு, சூ என்று உகர ஊகார வரிசை முழுக்கத் தனித்தனி அச்சு வேண்டும். பெரிய அளவில் ஒரு செட் வாங்குவது சின்ன அச்சகத்துக்குக் கட்டுப்படியாகாத செலவு. வாங்கினாலும் ஒரே முகம்தான். துப்பறியும் கதைக்கும் அதே எழுத்து, தேவாரத்துக்கும் அதே எழுத்து.

அதனால் பதிப்பாளர் ஓவியரிடம் போனார். படம் போடுகிறவரே தலைப்பையும் எழுதிக் கொடுத்தார். இரண்டும் சேர்ந்து துத்தநாகத் தகட்டில் பிளாக், அதாவது அச்சுக்கட்டை, ஆனது. வார இதழ்களிலும் அப்படித்தான். சிறுகதையோ தொடர்கதையோ, தலைப்பு படத்தின் ஒரு பகுதியாகவே ஓவியரின் மேஜையிலிருந்து வந்தது. ஓவியர்கள் கோபுலு, மணியம் காலத்து இதழ்களைப் புரட்டினால் தலைப்பைப் பார்த்தே அது சிரிப்புக் கதையா சோழர் கதையா என்று சொல்லிவிடலாம்.

ஜூன் 3

"அப்படியானால் ஆஃப்செட் அச்சும் கம்ப்யூட்டரும் வந்தபின் அந்தக் காரணம் போய்விட்டதே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். போனது. 90களில் டி.டி.பி. (கம்ப்யூட்டரிலேயே பக்கம் அமைப்பது) வந்ததும் பதிப்பாளர்கள் முதலில் நிறுத்தியது தலைப்பு எழுத ஓவியருக்குக் கொடுத்த காசைத்தான். அப்போது கையில் இருந்த தமிழ் எழுத்துரு ஒரு கைப்பிடி. அதையே இழுத்து, நசுக்கி, நிழல் போட்டு, வானவில் வண்ணம் பூசி அட்டையில் ஏற்றினார்கள். அந்தப் பத்துப் பதினைந்து வருட அட்டைகளை இன்று ஒன்றாக வைத்துப் பார்க்கக் கொஞ்சம் தைரியம் வேண்டும். நானும் அந்த வானவில்களில் சிலவற்றுக்குப் பொறுப்பு.

இப்போது கையெழுத்து திரும்பி வந்திருப்பதில் பாதி, அந்தக் காலத்தின் மீதான சலிப்பு. மீதிப் பாதியைப் பற்றிச் சொல்ல எனக்கு விஷயம் இருக்கிறது. நாளைக்கு.

ஜூன் 5

நாளைக்கு என்றது நேற்று. வேலை.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் வரைந்த ஒரு மூல ஆர்ட் ஒர்க் என்னிடம் இருக்கிறது. அச்சாகும் அளவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரிதாக எழுதியது. சுருக்கும்போது கை நடுக்கம், விளிம்புப் பிசிறு எல்லாம் தானே ஒடுங்கிவிடும் என்பதால் அந்தக் காலத்தில் பெரிதாகத்தான் எழுதுவார்கள். அடிக்கோடுகள் வெளிர்நீலப் பென்சிலில் போட்டவை. பிளாக் எடுக்கும் கேமராவின் ஃபிலிமுக்கு அந்த நீலம் தெரியாது, அழிக்க வேண்டிய வேலை மிச்சம். மேலே இண்டியன் இங்க்.

தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால்தான் உண்மையான வேலை தெரியும். கறுப்பின் ஓரங்களில் எல்லாம் வெள்ளைப் போஸ்டர் கலர் தடித்து நிற்கிறது. ஒரு 'ந'வின் உள்வளைவை மூன்று தடவையாவது வெள்ளை போட்டு ஒடுக்கியிருக்கிறார். பிறகு அந்த வெள்ளை மேலேயே மறுபடி மெல்லிய கறுப்பு. அச்சில் பார்ப்பவருக்கு அது ஒரே வீச்சில் பிரஷை இழுத்துவிட்ட எழுத்து. கையில் வைத்துப் பார்ப்பவருக்கு ஒரு சாயங்காலம் முழுக்க நடந்த பேரம்.

"கையால் எழுதியதில் ஒரு மனிதத்தன்மை இருக்கிறது, பிழையே அழகு" என்றெல்லாம் இங்கே சிலர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியாததற்கு இந்தத் தாள்தான் காரணம். அவர் பிழையை விட்டுவைக்கவே இல்லை. இருந்ததையெல்லாம் வெள்ளை போட்டு மூடினார். கணக்கு வேறெங்கோ இருக்கிறது.

ஜூன் 6

எங்கே என்று கேட்டவருக்கு: அக்கம்பக்கத்தில்.

'நிழல்' என்று எழுதுங்கள். மூன்றே எழுத்து, ஆனால் கிடைக்கிற வசதி எவ்வளவு பாருங்கள். 'நி'யின் கொக்கி மேலே வளைகிறது. 'ழ'வின் வால் கோட்டுக்குக் கீழே இறங்குகிறது. 'ல்'லின் புள்ளி மறுபடி மேலே. எழுத்துருவில் அந்தக் கொக்கி தன் கட்டத்துக்குள் எழும்பி, தன் கட்டத்துக்குள்ளேயே முடிந்தாக வேண்டும், ஏனென்றால் அடுத்து என்ன எழுத்து வரும் என்று அதற்குத் தெரியாது. 'நிறம்' வந்தாலும் 'நிலம்' வந்தாலும் இடிக்காமல் இருக்க வேண்டும். கையால் எழுதுகிறவனுக்குத் தெரியும். கொக்கியை 'ழ'வின் தலைக்கு மேல் நீட்டி, புள்ளிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தலாம். கீழே 'ழ'வின் வாலை இடப்பக்கம் இழுத்து 'நி'க்கு அடியில் படுக்கவைக்கலாம். சொல்லுக்கு ஒரு கூரையும் தரையும் வந்துவிடும். ஆசிரியர் பெயருக்கான இடம் தானாகவே அமையும்.

எழுத்துரு கல்யாண மண்டபத்து நாற்காலி, யார் வந்து உட்கார்ந்தாலும் தாங்க வேண்டும். தலைப்பெழுத்துக்கு அந்தக் கடமை கிடையாது. அந்த ஒரு சொல்லுக்காக, அந்த ஒரு அட்டையின் காலியிடத்துக்காகப் பிறந்தது. வேறு எந்தச் சொல்லுக்கும் அது உதவாது. எனக்கு அதன் ஈர்ப்பு முழுவதும் இந்த உதவாமையில்தான்.

ஜூன் 6, பின்னிரவு

மேலே சொன்னதில் ஒரு ஓட்டை இருப்பதை நானே சொல்லிவிடுகிறேன், யாராவது நாளை பிடிக்கும் முன்னால். நல்ல எழுத்துருவை எடுத்து, தலைப்பை வடிவமாக மாற்றி, கொக்கியை நீட்டி, வாலை இழுத்து இதே வேலையைக் கம்ப்யூட்டரிலும் செய்யலாம். நானே செய்கிறேன். அப்படிச் செய்ததைக் கையால் எழுதியது என்று சொல்லலாமா? என் கணக்கில் சொல்லலாம். பிரஷ் பிடித்தானா மவுஸ் பிடித்தானா என்பது இரண்டாம் பட்சம். சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

ஜூன் 8

வந்துவிட்டார்கள். சரி.

"ஆதிமூலம் என்ற பேரே இல்லாமல் தமிழ்த் தலைப்பெழுத்தைப் பற்றி ஒரு வாரமாகப் பேசுகிறீர்கள்" என்ற திட்டு நியாயமானது. அவரைத் தனியாகப் பேச வைத்திருந்தேன்.

கே. எம். ஆதிமூலம் (1938–2008) திருச்சி மாவட்டத்துக்காரர். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். காந்தி நூற்றாண்டை ஒட்டி, 1969இல், காந்தியை நூறு கோட்டோவியங்களாக வரைந்தவர். சிறுபத்திரிகைகளுக்கும் இலக்கியப் பதிப்பகங்களுக்கும் அவர் எழுதிய தலைப்புகள்தான் எங்கள் தலைமுறைக்குப் பாடம். வார இதழ்த் தலைப்புகளின் வளைவும் மினுக்கும் அவரிடம் இல்லை. வளைய வேண்டிய இடத்தில் கோடு உடைகிறது. தடித்தது திடீரென்று மெலிகிறது. சில எழுத்துகளைப் பார்த்தால் பேனாவைவிட உளி நினைவுக்கு வரும். அவருடைய கோட்டோவியத்தையும் தலைப்பையும் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒரே கை என்று குழந்தைகூடச் சொல்லும். படத்துக்கு ஒரு பேனா, எழுத்துக்கு இன்னொரு பேனா என்று அவர் பிரிக்கவே இல்லை.

இது தனியாக வானத்திலிருந்து விழுந்த விஷயமும் அல்ல. அவர் படித்த காலத்தில் அந்தக் கல்லூரி முதல்வர் கே. சி. எஸ். பணிக்கர். 1963 வாக்கில் பணிக்கர் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியங்களைத் தொடங்கியிருந்தார். கேன்வாஸ் முழுக்க எழுத்துப் போன்ற கிறுக்கல்கள், கட்டங்கள், ஜாதகம் மாதிரி, கணக்கு நோட்டு மாதிரி. வாசிக்க முடியாது, ஆனால் எழுத்து என்று தெரியும். எழுத்தை வரைபொருளாகப் பார்ப்பது அங்கே காற்றிலேயே இருந்தது. பிறகு அந்தக் கல்லூரிக்காரர்கள் சிறுபத்திரிகைக்காரர்களோடு சேர்ந்ததும், ஓவியரின் எழுத்து வார இதழின் பரபரப்பிலிருந்து விலகி வேறு குணம் எடுத்தது.

சிறுபத்திரிகைகளிடம் காசு இல்லாததும் ஒரு காரணம். ஒரே ஒரு மை, நல்ல தாள் கிடையாது, புகைப்படம் அச்சிட்டால் சேறு மாதிரி வரும். கறுப்புக் கோடும் கறுப்பு எழுத்தும்தான் கட்டுப்படி ஆனது. நான் முதல் நாள் சொன்னதே மறுபடி வருகிறது.

ஜூன் 9

ஆதிமூலம் பாணியைக் காப்பி அடித்த அட்டைகள் எத்தனை என்று யாரும் கேட்க வேண்டாம். என்னுடையவையும் அதில் உண்டு. இளமை.

ஜூன் 10

சினிமாத் தலைப்புகளையும் சேர்க்கச் சொல்கிறார் ஒரு நண்பர். சேர்த்தாயிற்று. எழுத்தை நீட்ட இடம் கிடைத்தால் அரிவாள், புள்ளி கிடைத்தால் ரத்தத்துளி, 'ஆ'வின் சுழிக்குள் கதாநாயகன் கண். காதல் படம் என்றால் அதே புள்ளி இதயம். கிண்டல் செய்தாலும், தமிழில் தலைப்பெழுத்துக்குத் தனியாகக் காசு கொடுத்து, ஐந்தாறு மாதிரி எழுதிப் பார்க்கச் சொல்கிற ஒரே துறை அதுதான் என்று நினைக்கிறேன். பதிப்பகங்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

ஜூன் 12

1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகும் அட்டைகளில் பழைய எழுத்து ஏன் வருகிறது என்று வந்த கேள்வி நல்ல கேள்வி. அதற்கு முன்னால் ணை, லை, ளை, னை நான்கும் இப்போதைய வடிவில் இல்லை. எழுத்தின் முன்பக்கம் ஒரு துதிக்கை மேலே சுருண்டு நிற்கும். ணா, றா, னாவும் கால் தனியாக இல்லாமல் உடம்போடு வளைந்தவை. அரசாணை வந்தது, பாடநூலும் செய்தித்தாளும் மெல்ல மாறின. ஆனால் அட்டைகளில் அந்தத் துதிக்கை 'லை' வெகுகாலம் கழித்தும் தென்படும். இன்றும் சிலர் எழுதுகிறார்கள்.

இதைப் பழமைவாதம் என்று ஒரே வார்த்தையில் முடிக்காதீர்கள். எழுதிப் பாருங்கள், காரணம் தெரியும். புது 'லை'க்கு முன்னால் சங்கிலிக் கொம்பு வேண்டும். அது கிட்டத்தட்ட ஒரு முழு எழுத்தின் அகலத்தைச் சாப்பிடும். 'மலை', 'சிலை', 'தலை' என்று முடியும் தலைப்புகளில் வலப்பக்கம் பாரமாகி, அட்டை சாய்ந்ததுபோல் இருக்கும். துதிக்கை வடிவம் அகலம் கேட்காது, உயரம்தான் கேட்கும். அட்டையில் உயரம் எப்போதும் மிச்சம் இருக்கும். ஈய எழுத்துக்கும் தட்டச்சுக்கும் வசதியாக இந்தத் தனி வடிவங்களைக் குறைத்தார்கள். அது நியாயமான முடிவு. அந்த இயந்திரக் கட்டுப்பாடு இல்லாத கை, தனக்கு வசதியானதை வைத்துக்கொண்டது. அதுவும் நியாயம்.

இளம் வாசகர்களுக்குப் புரியாதே என்றால், கொஞ்சம் தடுமாறுவார்கள்தான். தலைப்புக்குக் கீழே சின்னதாக வழக்கமான எழுத்தில் ஒருமுறை போட்டுவிட்டால் தீர்ந்தது.

ஜூன் 13

தமிழை விட்டுக் கொஞ்சம் நகர்கிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் நான் அதிகம் திருடியது கல்கத்தாவிலிருந்து.

சத்யஜித் ரேயைப் பட இயக்குநராக மட்டும் தெரிந்தவர்களுக்கு: சாந்திநிகேதனில் ஓவியம் படித்து, 1943இல் டி. ஜே. கீமர் விளம்பர நிறுவனத்தில் சேர்ந்தவர் அவர். சேர்ந்த கொஞ்ச நாளில் சிக்னெட் பிரஸ் பதிப்பகத்துக்கு அட்டை போடத் தொடங்கினார். படம் எடுக்க வருவதற்கு முன்பே வங்காளப் புத்தக அட்டையின் முகத்தை மாற்றியவர். ஜிம் கார்பெட்டின் புலி வேட்டைப் புத்தகத்தின் வங்காள மொழிபெயர்ப்புக்கு அவர் போட்ட அட்டையை இணையத்தில் தேடிப் பாருங்கள். முன்னும் பின்னும் சேர்த்து ஒரே புலித்தோல். முன்னட்டையில் குண்டு நுழைந்த துளை, பின்னட்டையில் அது வெளியேறிய பெரிய துளை. அவ்வளவுதான் அட்டை.

எழுத்துக்கு வருகிறேன். 'ஏக்ஷன்' என்று ஓர் இலக்கியப் பத்திரிகை, வங்காளத்தில் எழுதினால் மூன்றே எழுத்து. அதன் அட்டைகளில் ரே அந்த மூன்று எழுத்துகளையே திரும்பத் திரும்ப வேறு வேறு விதமாக வரைந்தார். படம் என்று தனியாக ஒன்றும் இல்லாமல், எழுத்தையே அட்டை முழுக்க விரித்த இதழ்களும் உண்டு. வங்காள எழுத்துக்குத் தலைக்கோடு ஒன்று இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு எழுத்துகள் தொங்கும். தமிழுக்கு அந்தக் கோடு இல்லை. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிற்கிறது. ஒரு சொல்லை ஒன்றாகக் கட்டுவதற்கு நமக்குக் கொக்கியும் வாலும் கொம்பும் புள்ளியும்தான் கயிறு. ரேயின் அட்டைகளைக் காப்பி அடிக்கப் போய், அது ஏன் தமிழில் அப்படியே வராது என்று யோசித்ததில்தான் எனக்கு 6ஆம் தேதி எழுதிய அக்கம்பக்கக் கணக்கு பிடிபட்டது.

அவரே 'ரே ரோமன்' முதலான ஆங்கில எழுத்துருக்களையும் வடிவமைத்தார். எழுத்துருவும் கையெழுத்தும் எதிரிகள் என்று இங்கே அடித்துக்கொள்கிறவர்கள் இதையும் பார்க்கலாம்.

ஜூன் 14

எழுத்துரு ஆட்களின் வாதத்தையும் ஒழுங்காக வைத்துவிடுகிறேன், அவர்கள் சார்பில் யாரும் சரியாகப் பேசவில்லை. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்த கவிவனார் எழுத்துருவை எடுத்துக்கொள்ளுங்கள். சாய்ந்த கையெழுத்துச் சாயல், இலவசம், ஒரு பத்தி முழுக்க வாசித்தாலும் கண் உறுத்தாது. பின்னட்டைக் குறிப்புக்கு நான் பயன்படுத்தியிருக்கிறேன். அதைத் தலைப்புக்குப் போட்டால் மட்டும் சிக்கல். தலைப்பில் ஒரே எழுத்து இரண்டு முறை வந்தால் அச்சு அசல் ஒரே மாதிரி இரண்டு எழுத்து தெரியும். கையெழுத்து என்று கண் நம்பியதை அந்த இரட்டைப் பிள்ளைகள் காட்டிக்கொடுத்துவிடும். சாதாரண எழுத்துருவில் இந்த உறுத்தல் வராது, அது கையெழுத்து என்று சொல்லிக்கொள்வதில்லையே. மாற்று வடிவங்களை உள்ளே வைத்து மாறி மாறி வரச்செய்கிற தொழில்நுட்பம் இருக்கிறது. தமிழில் அதை அதிகம் செய்யவில்லை. செய்தால் நான் முதல் ஆளாக வாங்குவேன்.

செயற்கை நுண்ணறிவில் செய்த அட்டை என்று ஒருவர் எனக்கு அனுப்பியிருக்கிறார். 'க'வுக்கு இரண்டு வயிறு. பணிக்கர் பார்த்திருந்தால் ரசித்திருப்பார்.

ஜூன் 16

காசு விஷயம். பெயர் சொல்லாமல் சொல்கிறேன். ஒரு பதிப்பகத்துக்குத் தலைப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, அட்டைப் படத்துக்குத் தனி, எழுத்துக்குத் தனி என்று பில் போட்டேன். "எழுத்துக்கு எதுக்குங்க தனிக் காசு? தமிழ்தானே, எல்லாருக்கும் எழுதத் தெரியுமே" என்றார் அங்கே கணக்குப் பார்ப்பவர். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு அதே எழுத்தை வெட்டி, என்னைக் கேட்காமலே, அதே ஆசிரியரின் அடுத்த புத்தகத்துக்கு ஒட்டிப் பயன்படுத்தினார்கள். முதல் தலைப்பிலிருந்த எழுத்துகளை எடுத்துப் புதுத் தலைப்பு கோத்திருந்தார்கள். மேலே நீண்ட கொக்கி எதன்மேலும் படாமல் அந்தரத்தில் நின்றது. கோபத்தைவிடச் சிரிப்புதான் வந்தது.

ஜூன் 18

தொடக்கக் கேள்வியில் நியாயம் இருக்கும் பகுதிக்கு வருகிறேன். அதை இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

நீங்கள் பார்த்த 'கிறுக்கல்' அட்டைகளில் பாதி எனக்கும் பிடிக்கவில்லை. டேப்லெட்டில் காய்ந்த பிரஷ் மாதிரி ஒரு கருவியை எடுத்து, தலைப்பை ஒரே தடவை எழுதி, அப்படியே அட்டையில் ஏற்றிவிடுகிறார்கள். பிசிறு இருக்கிறது, அக்கம்பக்கம் இல்லை. 'ர'வும் காலும் ஒரே மாதிரி, எது எது என்று தெரியாது. 'மாரி' என்று எழுதியிருப்பதை ஒருவர் வாசிக்கத் திணறியதை நேரில் பார்த்தேன். பழைய ஓவியர்கள் 'ர'வின் காலைச் சற்றே சாய்த்து வெட்டிவிடுவார்கள், துணைக்கால் நேராக நிற்கும். இவ்வளவு சின்ன விஷயம்.

ஆனால் இந்த மோஸ்தர் பரவியதற்குப் புதுக் காரணமும் இருக்கிறது. இப்போது அட்டையை முதலில் பார்ப்பது கடையில் இல்லை, ஃபோனில், கட்டைவிரல் நகம் அளவில். அந்த அளவில் புகைப்படம் கரைந்துவிடும். தடித்த, அட்டை முழுக்க விரிந்த தலைப்பு மட்டும் தாக்குப்பிடிக்கும். அன்றைக்கு ஒற்றை மையும் மட்டத் தாளும் ஓவியரின் எழுத்தைப் பெரிதாக்கின, இன்றைக்கு ஃபோன் திரை. பிளாக் போய், ஆஃப்செட் வந்து, திரை வந்து, மறுபடி அதே இடத்தில் நிற்கிறோம். இதைப் பற்றி மகிழ்வதா என்று தெரியவில்லை. சின்னதாக, மெல்லியதாக, ஓரத்தில் ஒதுங்கி நிற்கிற தலைப்பும் ஒரு காலத்தில் இருந்தது. இப்போது அதை எழுதிக் கொடுத்தால் எந்தப் பதிப்பாளரும் வாங்குவதில்லை.

ஜூன் 18, சற்று நேரம் கழித்து

"அப்படியானால் மோகம் இல்லை என்கிறீர்களா, இருக்கிறது என்கிறீர்களா?" வாங்குகிறவருக்கு மோகம், விற்கிறவருக்கு ஃபோன் திரை, எழுதுகிறவனுக்குக் கொக்கியும் வாலும். மூன்றும் ஒரே அட்டையில்தான் இருக்கின்றன.

ஜூன் 21

தனிச்செய்தியில் ஒரே கேள்வி பலரிடமிருந்து: எழுதியதை எப்படி அட்டைக்குக் கொண்டுபோவது? ஃபோனில் படம் எடுக்காதீர்கள், ஓரம் வளைந்து வரும். வழவழப்பான தாளில், அச்சளவுக்கு இரண்டு மடங்காக எழுதுங்கள். ஸ்கேனரில் 1200 டிபிஐ, கறுப்பு வெள்ளையில் எடுங்கள். எழுத்தின் ஓரத்தைக் கம்ப்யூட்டரே கோடாக மாற்றித் தரும் தானியங்கி டிரேஸை நம்ப வேண்டாம், கொக்கி முனைகளை எல்லாம் உருட்டிவிடும். மென்பொருளில் இருக்கும் பேனா கருவியால் அந்த ஓரத்தின் மேல் நீங்களே ஓடுங்கள். அப்புறம் பாதி அளவுக்குச் சுருக்கி, அச்செடுத்து, சுவரில் ஒட்டி, தள்ளி நின்று பாருங்கள். பிரஷ் எது என்று கேட்டவருக்கு: 3ஆம் நம்பர் ரவுண்டு போதும். விலை உயர்ந்தது தேவையில்லை, ஆனால் மை காய்வதற்குள் கழுவி வைக்க வேண்டும்.